தயிர்சாதம் மட்டும் போதுமா? நாய்க்குச் சமைக்கும் வீடுகளுக்கு ஒரு கணக்கு

நாய் வளர்க்கும் வீடுகளின் அடுப்பங்கரையில் ஒரு தனிப் பாத்திரம் இருக்கும். கைப்பிடி ஆடும் பழைய குக்கராகவோ, அடி கறுத்த அலுமினியச் சட்டியாகவோ அது இருக்கும். ஒரு பக்கம் வீட்டுக்கு இட்லி வெந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் அந்தச் சட்டியில் நொய்யரிசியும் கோழிக்கறியும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் கொதிக்கும். சைவ வீடுகளில் தயிர்சாதம், பால், பிஸ்கட். ஊருக்குப் போனால்கூட "நாய்க்குச் சோறு வச்சாச்சா?" என்று போனில் கேட்ட பிறகுதான் பலருக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்கும்.

பாசத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், அந்தச் சட்டியில் வேகும் சாப்பாடு நாயின் வயிற்றை நிரப்புகிறதா, உடம்பை வளர்க்கிறதா என்பது வேறு கேள்வி. நாய் தட்டை நக்கிக் காலி செய்துவிட்டது என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

தட்டுக்கு வெளியே சாப்பிட்ட நாய்கள்

"எங்க தாத்தா வீட்டு நாய் பன்னிரண்டு வருஷம் பழைய சோத்துலதான் வாழ்ந்துச்சு. அதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

அந்த நாய் பழைய சோற்றில் மட்டும் வாழவில்லை. பகல் முழுக்கத் தெருவிலும் தோட்டத்திலும் சுற்றியது. எலி பிடித்தது. மீன் கழுவும் இடத்தில் தலையும் குடலும் தின்றது. கறிக்கடை வாசலில் எலும்பு கடித்தது. நாலு வீட்டு மிச்சம் அதன் வயிற்றுக்குப் போனது. வீட்டுக்காரர்கள் வைத்த சோறு, அது சாப்பிட்டவற்றில் ஒரு பங்குதான். அப்படி ஈடுகட்ட முடியாமல் குட்டியிலேயே செத்துப்போன நாய்களை யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதும் இல்லை.

இன்று அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் வளரும் நாய்க்கு அந்த வழியெல்லாம் கிடையாது. காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், அதுவும் கழுத்துப் பட்டையோடுதான் வெளியே போகிறது. கீழே கிடப்பதை முகர்ந்தாலே "ச்சீ, விடு" என்று இழுத்துவிடுகிறோம். அதன் உலகத்தில் சாப்பாடு என்றால் நாம் வைக்கும் அந்த ஒரு தட்டுதான். தட்டில் இல்லாத சத்து உடம்பிலும் இருக்காது.

எலும்பே இல்லாத சாப்பாடு

மதுரையில் ஒரு வீடு. பேரனின் பிடிவாதத்துக்காக நாற்பத்தைந்து நாள் லாப்ரடார் குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. ரோஸி என்று பெயர் வைத்தார்கள். "நாயெல்லாம் வேண்டாம்" என்று முதல் வாரம் முழுக்கச் சொன்ன பாட்டிதான் இரண்டாவது வாரத்திலிருந்து அதற்குச் சமையல்.

குட்டிக்குப் பால் கொடுத்தால் வயிற்றால் போனது. பாலை நிறுத்தினார். கோழிக்கறியை வேகவைத்து, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் ஓர் எலும்புத் துணுக்குக்கூட விடாமல் விரலால் தடவித் தடவி எடுத்தார். பிறகு போன்லெஸ் கறியே வாங்க ஆரம்பித்தார்கள். பஞ்சு மாதிரி பிய்த்த கறி, குழைய வடித்த சோறு, வாரத்தில் இரண்டு நாள் ஈரல். ரோஸி கொழுகொழுவென்று வளர்ந்தாள்.

நான்காவது மாதத்தில் மாடிப்படி ஏற மறுத்தாள். பின்னங்காலை நொண்டினாள். தூக்கினால் கத்தினாள். முன்னங்கால்கள் இரண்டும் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தன. எங்கோ விழுந்திருப்பாள் என்று நினைத்துத்தான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த இளம் மருத்துவர், அடிபட்ட கதையைக் கேட்கவில்லை. "என்ன சாப்பாடு போடுறீங்க?" என்றுதான் கேட்டார்.

"நாங்க சாப்பிடுறதைவிட நல்லாவே போடுறோம் டாக்டரம்மா. தினம் கறி" என்றார் பாட்டி.

படத்தில் எலும்பின் வெள்ளை, பக்கத்தில் உள்ள சதையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு மங்கலாக இருந்தது. மருத்துவர் விளக்கி முடித்ததும் பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப நான் என்ன விஷத்தையா வச்சேன்?"

"விஷம் எதுவும் வைக்கலை பாட்டி. ஒண்ணை வைக்காம விட்டுட்டீங்க, அவ்வளவுதான்."

கறியில் இல்லாதது

அந்த விட்டுப்போன ஒன்று, கால்சியம்.

எலும்பு நீக்கிய கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் 10 முதல் 15 மில்லிகிராம்தான் இருக்கும். அதே கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். நாயின் உடம்புக்கு இந்த இரண்டும் ஒன்றுக்கு ஒன்று முதல், இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குள் வேண்டும். அதாவது, பாஸ்பரஸ் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு கால்சியமும் இருக்க வேண்டும். வெறும் கறியில் பாஸ்பரஸ் பதினைந்து மடங்கு அதிகம். ஈரலில் இன்னும் மோசம்.

ரத்தத்தில் கால்சியம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இதயமும் தசையும் இயங்க முடியாது. அதனால் உடம்பு தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் எடுத்துக்கொள்கிறது. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி இந்த வேலையைச் செய்கிறது. வளர்ந்த நாய் இதைப் பல மாதங்கள் வெளியே தெரியாமல் தாங்கும். வளரும் குட்டிக்கு எலும்பு உருவாகும்போதே கரைகிறது. கால் வளைகிறது, சில குட்டிகளுக்குச் சின்னக் குதியிலேயே முறிகிறது.

காட்டில் வேட்டையாடும் விலங்கு கறியை மட்டும் தின்பதில்லை. எலும்போடு தின்கிறது. நாம் பாசத்தோடு எலும்பை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக எதையும் வைக்க மறந்துவிடுகிறோம்.

10 கிலோ நாய்க்கு ஒரு கணக்கு

ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு என்பதைக் கால்நடை மருத்துவர்கள் எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த, வீட்டுக்குள் வாழும் 10 கிலோ நாய்க்கு ஏறத்தாழ 630 கலோரி தேவைப்படும். 20 கிலோ நாய்க்கு அது இரண்டு மடங்கு ஆகாது. 1,060 கலோரி அளவுக்குப் போதும். எடை கூடக் கூட, ஒரு கிலோவுக்கான தேவை குறையும். குட்டிகளுக்குத் தேவை மிக அதிகம்.

இப்போது அந்த 10 கிலோ நாய்க்குத் தயிர்சாதம் மட்டும் வைப்பதாக வைத்துக்கொள்வோம். 400 கிராம் சோறு, 150 கிராம் தயிர். கலோரி கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும். வயிறு நிறையும். ஆனால், புரதம் 15 கிராம்தான் கிடைக்கும். நாய் உணவுக்கான ஊட்டச்சத்து அளவுகளை வெளியிடும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி இந்த நாய்க்கு 28 கிராம் புரதம் வேண்டும். கிடைப்பது பாதி. கால்சியம் 800 மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில், தயிரிலும் சோற்றிலும் சேர்த்து 220 மில்லிகிராம்தான் வரும்.

இதையே கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். 200 கிராம் சோறு, தோல் நீக்கிய கோழிக்கறி 200 கிராம் (பச்சையாக எடை போட்டது), ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கேரட்டும் பீன்ஸும், ஒரு டீஸ்பூன் எண்ணெய். கலோரி 630-ஐத் தொட்டுவிடும். புரதம் 50 கிராம் வந்துவிடும். ஆனால் கால்சியம்? 100 மில்லிகிராம்கூடத் தேறாது. பார்வைக்குத் தயிர்சாதத்தைவிடப் பல மடங்கு நல்ல சாப்பாடு. கால்சியத்தில் அதைவிட மோசம். ரோஸிக்கு நடந்தது இதுதான்.

இந்தக் கணக்கில் சோற்றைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. நாய்க்கு அரிசியே ஆகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு நாய்கள் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனைப் பெற்றுவிட்டன. ஓநாய்களைவிட, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் நாய்களிடம் பல மடங்கு அதிகம் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். சோறு மட்டுமே தட்டை நிரப்பும்போதுதான் சிக்கல்.

கேழ்வரகு, வெயில், முட்டை ஓடு

கால்சியம் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால், அதில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தின் ஒரு பகுதியை உடம்பில் சேரவிடாது. கறியில் உள்ள பாஸ்பரஸையும் ஈடுகட்டும் அளவுக்குக் கேழ்வரகு போட்டால், தட்டில் கூழ் மட்டும்தான் இருக்கும். சோற்றுக்குப் பதிலாக அவ்வப்போது கேழ்வரகு வைக்கலாம். கால்சியத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து, வெயில். குட்டியைக் காலை வெயிலில் நிறுத்தினால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மனிதத் தோலைப் போல நாயின் தோலால் வெயிலிலிருந்து போதுமான வைட்டமின் டி தயாரிக்க முடியாது. அது சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். மத்தி போன்ற கொழுப்புள்ள மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் அது இருக்கிறது.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எளிய கால்சியம், நாம் குப்பையில் போடும் முட்டை ஓடு. அது கிட்டத்தட்ட முழுக்கவே கால்சியம் கார்பனேட். ஒரு முட்டையின் ஓடு சுமார் 5 கிராம் இருக்கும். அதில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மைய அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். நறநறவென்று இருக்கக் கூடாது. மேலே சொன்ன 10 கிலோ நாயின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் தூள், அதாவது அரை டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு, கால்சியம் பள்ளத்தை அடைத்துவிடும்.

இது வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கான கணக்கு. குட்டிகளுக்கும், கர்ப்பமாக இருக்கும் நாய்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்களுக்கும் இந்த அளவு பொருந்தாது.

டானிக் ஊற்றினால் சரியாகுமா?

கால் வளைந்தால் கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவது இன்னொரு வழக்கம். குறைவு எவ்வளவு ஆபத்தோ, பெரிய இன நாய்க்குட்டிகளுக்கு அதிகமும் அவ்வளவு ஆபத்து. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற இனங்களின் குட்டிகளால் முதல் ஆறு மாதங்களில், குடலுக்கு வரும் கால்சியத்தில் வேண்டாததைத் தள்ளிவிட முடியாது. வந்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். எலும்பு வளர்ச்சி கோணலாகும். குட்டிகளுக்கான முழுமையான பாக்கெட் உணவைப் போட்டுவிட்டு, அதன் மேல் டானிக்கும் ஊற்றும் வீடுகளில் இது நடக்கிறது. கால்சியம் அதிகமானால் துத்தநாகம் உடம்பில் சேர்வதும் தடைப்படும். தோல் தடித்து, மூக்கைச் சுற்றியும் பாதத்திலும் பொருக்குத் தட்டும்.

ரோஸிக்கு மருத்துவர் டானிக் எழுதித் தரவில்லை. வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட் உணவை எடை போட்டு வைக்கச் சொன்னார். நான்கு வாரம் குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, சின்ன இடத்துக்குள் ஓய்வு. "கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கு. இதைத் தின்னு ஒரு ஜீவன் வளருமா?" என்று பாட்டி மூன்று நாள் தட்டின் பக்கமே போகவில்லை. ஒரு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பின் வெள்ளை தெளிவாகத் தெரிந்தது. நொண்டல் நின்றது. கால்களில் அந்த லேசான வளைவு மட்டும் முழுசாகப் போகவில்லை.

200 செய்முறைகளில் 95 சதவிகிதம்

வளர்ச்சி முடிந்த பிறகு, ஒன்றேகால் வயதில், மறுபடியும் வீட்டுச் சாப்பாடு போடலாமா என்று பாட்டி கேட்டார். போடலாம் என்றார் மருத்துவர். ஆனால், யூடியூபில் பார்த்துச் செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டார்.

அந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 நாய்ச் சாப்பாட்டுச் செய்முறைகளை எடுத்து ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவிகிதச் செய்முறைகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. 83.5 சதவிகிதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் குறைவு. "தினம் ஒரே மாதிரி போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்" என்று நினைப்பதற்கும் அதில் இடமில்லை. பல செய்முறைகளில் அதே சத்துகள்தான் திரும்பத் திரும்பக் குறைந்திருந்தன.

கால்சியம் நமக்குத் தெரிந்த பெயர். துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ, கோலின் என்று வெளியே தெரியாத இன்னொரு வரிசை இருக்கிறது. கறி, சோறு, காய்கறியை எப்படிக் கலந்தாலும் இவற்றில் சில குறையும். அதனால்தான் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர்கள் எழுதித் தரும் செய்முறைகளில் அநேகமாக எப்போதும் ஒரு வைட்டமின், தாதுக் கலவை இருக்கும். அது சாப்பாட்டின் ஒரு பாகம். விருப்பமிருந்தால் சேர்க்கும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துப் போடவும் கூடாது. அதன் அளவுகள் வேறு.

ஊட்டச்சத்துப் பிரிவில் மேற்படிப்பு படித்த ஒருவரிடம் கேட்டு மருத்துவர் கொடுத்த காகிதத்தில் எல்லாமே கிராமில் இருந்தது. பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குழம்புக்கு உப்பே நான் கை அளவுலதான் போடுவேன். நாய்க்குத் தராசு வச்சுச் சமைக்கச் சொல்றீங்களா?"

"உப்பு கூடினா வீட்டுல யாராவது சொல்லிடுவாங்க பாட்டி. ரோஸிக்குச் சொல்லத் தெரியாதே."

இப்போது அந்த வீட்டு அடுப்பங்கரையில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது. முட்டை ஓட்டுத் தூள் இருக்கும் டப்பாவின் மேல், கோலமாவு என்று யாரும் எடுத்துவிடாதபடி 'ரோஸி' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

சைவ வீட்டில் என்ன செய்வது?

நாய் வளர்க்கும் சைவ வீடுகளில் ஒரு சமரசம் நடப்பதைப் பார்க்கலாம். பால்கனியில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. முட்டை அங்கேயே வேகும், அங்கேயே உரிக்கப்படும். வீட்டுக்குள் முட்டை வராத அம்மாக்கள்கூட நாய்க்காக அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைகிறார்கள்.

அந்த முட்டைக்கு நல்ல பலன் உண்டு. அதில் உள்ள புரதம் தரமானது. பூனையைப் போல நாய் கறியை மட்டும் நம்பி வாழும் பிராணி இல்லை என்பதால், முட்டை, பனீர், தயிர், நன்றாக வெந்த பருப்பு ஆகியவற்றைக் கொண்டு நாய்க்குச் சாப்பாடு அமைக்க முடியும். ஆனால், அசைவச் சாப்பாட்டைவிட இதில் கணக்கு இன்னும் நுணுக்கம். குட்டிகளுக்கு இதை நாமாக முயற்சி செய்யக் கூடாது. முட்டைக்கே இடமில்லாத வீடு என்றால், முழுமையான பாக்கெட் உணவைப் பிரதானமாக வைத்து, தயிர்சாதத்தைப் பிரியத்துக்கு நாலு வாயாக வைப்பதே பாதுகாப்பு. அந்தப் பிரியப் பங்கு, பிஸ்கட்டையும் சேர்த்து, ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. தயிரில் அது குறைவு என்பதால் ஒத்துக்கொள்ளும்.

வெங்காயம், திராட்சை, எலும்பு

நம் வீட்டுச் சமையலில் மிஞ்சியதை நாய்க்கு வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து காரம் இல்லை, வெங்காயம். சின்ன வெங்காயமோ பெரிய வெங்காயமோ பூண்டோ, பச்சையோ வெந்ததோ, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அவை சிதைக்கும். சாம்பார், குருமா, பிரியாணி என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொண்டே போய் ரத்தசோகையில் முடியலாம். வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டாலும் சாறு குழம்பில் இருக்கும்.

திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசம், கேசரி வைக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில வகை வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் இருக்கும் சைலிடால் நாய்க்குக் கொடிய விஷம். மாங்கொட்டையும் சோளக்கட்டையும் விஷம் இல்லை. ஆனால், விழுங்கினால் குடலில் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும்.

வேகவைத்த எலும்பு கூர்மையான சில்லாக உடையும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு தொண்டையிலோ குடலிலோ குத்தினால் உயிருக்கே ஆபத்து. குக்கரில் மாவாகக் குழையும்வரை வேகவைத்து மசித்தால் குத்தும் ஆபத்து குறையும். ஆனால், அதில் எவ்வளவு கால்சியம் போகிறது என்று அளக்க முடியாது. பச்சைக் கறியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். குழந்தைகள் நாயைக் கொஞ்சும் வீட்டில் அது வேண்டாம். கருவாட்டில் உப்பு அதிகம். புதிய மத்தி, நெத்திலியை மசாலா இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம்.

விலாவைத் தொட்டுப் பாருங்கள்

சத்துக் குறைவு ஒரு பக்கம் என்றால், அளவு மிஞ்சுவது இன்னொரு பக்கம். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. உடன்பிறந்த நாயைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் சராசரியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு நாய்களின் ஒடிசலான உடம்பைப் பார்த்து "சோறு போடலையா?" என்று கேட்பவர்கள், அவை அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உள்ளங்கையை விரித்துக் கவிழ்த்து, இன்னொரு கை விரலால் புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. மூடிய முஷ்டியின் முட்டிகள் மாதிரி துருத்தினால் மெலிவு. உள்ளங்கைச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். தட்டில் கூட்டவா குறைக்கவா என்று அதுவே சொல்லிவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

தடுப்பூசிக்குப் போகும்போது உணவைப் பற்றியும் பேசலாம். ஒரு வாரம் நாய் சாப்பிட்டதை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாலை டீயோடு தாத்தா போடும் இரண்டு பிஸ்கட்டும் அதில் இருக்க வேண்டும். என் நாய்க்கு எத்தனை கலோரி? கால்சியம் எதிலிருந்து, எத்தனை கிராம்? எந்தத் தாதுக் கலவை, எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை? இந்த நான்கு கேள்விக்கும் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். 1903-ல் தொடங்கப்பட்ட, இப்போது சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தொடங்கி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று தமிழ்நாட்டில் அரசுக் கால்நடைக் கல்லூரிகள் பல இருக்கின்றன. விலங்குகளின் ஊட்டச்சத்து அங்கே தனிப் பாடம். உங்கள் மருத்துவர் தேவைப்பட்டால் அங்கே வழிகாட்டுவார்.

புதிய சாப்பாட்டுக்கு மாறும்போது ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாறலாம். சமைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம்.

குட்டிகளுக்கு முதல் ஒரு வருடம் முழுமையான குட்டி உணவையே நம்புவது நல்லது. அந்த வயதில் நடக்கும் தவறு எலும்பிலேயே எழுதப்பட்டுவிடும், பிறகு அழிப்பது கடினம். வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடோ பாக்கெட் உணவோ, இரண்டுமே நல்ல வழிதான். நேரமும் விருப்பமும் உள்ளவர்கள் சமைக்கலாம். முடியாதவர்கள் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

சமைப்பவர்களுக்குத் தேவை ஒரு தராசு, ஒரு தாள், கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனம். நம் வீட்டில் பேசத் தெரிந்த எல்லோரும் "இது போதலை" என்று தட்டைத் தள்ளிவைத்துச் சொல்லிவிடுவார்கள். வாலை ஆட்டிக்கொண்டு நன்றியோடு எதையும் சாப்பிட்டுவிடும் ஒரு ஜீவனுக்காக அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டியிருக்கிறது.